ஐந்நூற்று நான்காம் நாள்

பரமத்தி வேலூரிலிருந்து ஜேடர்பாளையம் போகிற வழியில், சாலையை விட்டுச் சற்று உள்ளே, ஒரே கட்டடத்தில் இரண்டு வாரியங்கள் இருக்கின்றன. இடப்பக்கம் மேட்டுநில முறைநீர் வாரியம், வலப்பக்கம் மேட்டுநில மின்முறை வாரியம். நடுவில் ஒரு சுவர். அந்தக் கட்டடத்தில் கெட்டியாகச் செய்யப்பட்ட வேலை அந்தச் சுவர் ஒன்றுதான் என்று நான் சொன்னால் அது பொறாமையில் சொன்னதாகிவிடும். ஆகவே சொல்லவில்லை.

சென்னிமலைக்கு இந்த இரண்டு வாரியங்களும் வேண்டும். அவனுடைய முக்கால் ஏக்கர் வெற்றிலைக் கொடிக்கால் கிளை வாய்க்காலைவிட ஓர் ஆள் உயரம் மேட்டில் இருக்கிறது. கீழ்ப்பக்கத்து நிலங்களுக்குத் தண்ணீர் தானாகப் பாயும். இவன் நிலத்துக்கு மோட்டார் வைத்து ஏற்ற வேண்டும். ஆக, வாய்க்காலில் தண்ணீர் வருகிற அன்றைக்கே கம்பியில் மின்சாரமும் வர வேண்டும். தண்ணீரைக் குழி வெட்டித் தேக்கிக்கொள்ளலாமே என்றால், முறைநீரைத் தேக்குவது குற்றம். டீசல் இன்ஜின் வைக்கலாமே என்றால், வாய்க்கால் கரையில் எண்ணெய் சிந்தும் எந்திரங்களுக்குத் தடை. கிணறு இருக்கிறது. அதில் புறாக்கள் இருக்கின்றன.

வெற்றிலை கொஞ்சம் பிகு பண்ணுகிற பயிர். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும், தண்ணீர் இல்லாவிட்டால் இலை பழுக்கும். முன்பெல்லாம் தண்ணீர் ஆறு நாளைக்கு ஒரு முறை, மின்சாரம் மூன்று நாளைக்கு ஒரு முறை. ஆகவே ஆறு நாளைக்கு ஒரு தடவை இரண்டும் சேர்ந்து வரும், கொடி முணுமுணுத்துக்கொண்டே தாங்கும். சென்னிமலையும் அவன் மனைவி கலைமணியும் மூன்று வருடமாக அந்தக் கொடிக்காலில்தான் சாப்பிட்டார்கள். கலைமணி பத்தாவது வரை படித்தவள். இலை கிள்ளி, நூறு நூறாகக் கவுளி அடுக்குவதில் அவள் கைக்கு ஈடு அந்தப் பக்கத்தில் இல்லை. இருவரும் தினமும் வரப்பில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். கொடிக்காலுக்குள் செருப்போடு யாரும் போவதில்லை. இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை, கோயிலுக்குள் எப்படிப் போவதென்று யாராவது சொல்லிக் கொடுக்கிறார்களா?

பிறகு சீர்திருத்தம் வந்தது.

முறைநீர் வாரியம் தன் முறையை எட்டு நாளாக மாற்றியது. அதே வாரத்தில் மின்முறை வாரியம் தன் முறையை ஒன்பது நாளாக மாற்றியது. மாசி மாதம் ஒரு நல்ல நாளில் இரண்டு வாரியங்களும் தனித்தனியாக ரிப்பன் வெட்டின. அன்று தண்ணீரும் வந்தது, மின்சாரமும் வந்தது. கொடிகள் வயிறாரக் குடித்தன. அந்த நாளைத்தான் இரண்டு அலுவலகங்களும் முதல் கணக்காக எழுதிக்கொண்டன.

சென்னிமலை விரல் விட்டுக் கணக்குப் போட்டான். எட்டும் ஒன்பதும் பதினேழு. அப்படியானால் பதினேழாம் நாள் இரண்டும் சேர்ந்து வரும். இடையில் குடத்தில் சுமந்து ஊற்றிச் சமாளித்துவிடலாம். கலைமணி ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் அவன் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

பதினாறாம் நாள் தண்ணீர் வந்தது, மின்சாரம் இல்லை. பதினேழாம் நாள் இரண்டும் இல்லை. பதினெட்டாம் நாள் மின்சாரம் வந்தது, வாய்க்காலில் நத்தை ஊர்ந்தது. சென்னிமலை மோட்டார் அறையின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, மும்முனை மின்சாரத்துக்கான மூன்று விளக்கும் ஜம்மென்று எரிவதைச் சாயங்காலம் வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்றைக்குக் கலைமணி சுவரிலிருந்து தினசரிக் காலண்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். தண்ணீர் வருகிற தாள்களில் மஞ்சள் தடவினாள், மின்சாரம் வருகிற தாள்களில் குங்குமம் வைத்தாள். ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் போனாள். மஞ்சளும் குங்குமமும் ஒரே தாளில் சேர்ந்தது எழுபத்திரண்டாவது நாளில். சித்திரை மாதம், அக்னி நட்சத்திரம் தொடங்குவதற்கு முந்தின நாள்.

"ஏனுங்க, இது கூட்டல் இல்லீங்க, பெருக்கல். எட்டுக்கும் ஒம்பதுக்கும் பொதுவா ஒண்ணைத் தவிர எதுவுமே இல்லீங்க. அதுனாலதான் இத்தன தூரம் போகுது" என்றாள்.

சென்னிமலை காலண்டரை வாங்கித் தானும் ஒரு முறை எண்ணிப் பார்த்தான். எழுபத்திரண்டு நாளைக்கு வெற்றிலைக் கொடியிடம் என்ன சொல்லிப் பொறுத்திருக்கச் சொல்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. அவனுக்குப் பயம் வந்தது.

மறுநாள் இருவரும் வாரியத்துக்குப் போனார்கள். முறைநீர் அலுவலர் தோமினிக் சேலத்திலிருந்து தினமும் வந்து போகிறவர், மிகவும் மரியாதையானவர். உட்காரச் சொன்னார். எட்டை ஒன்பதாக்க முடியுமா என்று கேட்டதற்கு அவர் வருத்தத்தோடு தலையசைத்தார்.

"எட்டு சும்மா வந்த எண் இல்லை. மூன்று வல்லுநர்கள் பதினொரு மாதம் உட்கார்ந்து எடுத்தது. ஒருவர் ஏழு என்றார். ஒருவர் ஒன்பது என்றார். இன்னொருவர் கூட்டத்துக்கு வரவே இல்லை. எல்லாவற்றையும் சீர்தூக்கிப் பார்த்துத்தான் எட்டு என்று முடிவானது. பக்கத்தில் கேளுங்களேன்."

பக்கத்தில் என்றால் சுவருக்கு அந்தப் பக்கம். அங்கே போக வேண்டுமானால் வெளியே வந்து, கட்டடத்தைச் சுற்றி, வேறு வாசல் வழியாக வேறு டோக்கன் வாங்க வேண்டும். மின்முறை அலுவலர் தனசேகர் ஒன்பதை எட்டாக்குவதில் தனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை என்றார். ஆனால் பக்கத்து வாரியத்தைப் பார்த்துக் காப்பியடித்ததாகத் தணிக்கையில் வந்தால் யார் பதில் சொல்வது? தோமினிக்கை அவருக்குத் தெரியுமா என்று சென்னிமலை கேட்டான். இருமல் சத்தம் கேட்டிருக்கிறது, நல்ல மனிதராகத்தான் இருக்க வேண்டும் என்றார் தனசேகர்.

அங்கேதான் கலைமணி ஒரு தப்புச் செய்தாள். கணக்குத் தெரிந்தவர்கள் அலுவலகத்தில் செய்கிற தப்பு.

"எட்டு வேண்டாமுங்க சார். பதினாறு நாளைக்கு ஒருக்காக் குடுங்க. அது போதுமுங்க" என்றாள்.

எட்டும் பதினாறும் என்றால் காப்பியடித்ததாகவும் ஆகாது, பதினாறாவது நாள் இரண்டும் கட்டாயம் சேர்ந்து வரும். எழுபத்திரண்டுக்குப் பதினாறு எவ்வளவோ தேவலை. இடையில் ஒரு முறை குடத்தில் ஊற்றி உயிரைப் பிடித்து வைக்கலாம். அவள் சொன்னது இவ்வளவுதான். ஆனால் தனசேகர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இருபத்தொரு வருட சர்வீசில், மின்சாரம் அதிகம் வேண்டும் என்று கேட்டவர்களைத்தான் அவர் பார்த்திருக்கிறார். குறைத்துக் கொடு என்று ஒரு விவசாயி கேட்டால் அதற்குப் பின்னால் என்னவோ இருக்கிறது. 'மனுதாரர் குறைந்த மின்சாரம் கோருகிறார். நோக்கம் சந்தேகத்துக்குரியது. விசாரிக்கவும்' என்று கோப்பில் எழுதினார்.

அந்த விசாரணைக்கு இரண்டு வாரியங்களுக்கும் பொதுவாக ஓர் ஆள் தேவைப்பட்டது. இப்படித்தான் நாற்பத்திரண்டாம் நாள் ஒருங்கிணைப்புப் பிரிவு பிறந்தது. சுவருக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகை போட்டு, ஒருங்கிணைப்பு அலுவலர் இளவழகன் அமர்ந்தார். சின்ன வயது, சுறுசுறுப்பு, பளபளவென்று லேஸ் வைத்த ஷூ. தண்ணீரும் மின்சாரமும் சேர்ந்து வருகிற நாளில் விவசாயிகள் கட்டுப்பாடில்லாமல் மோட்டார் ஓட்டிவிடக் கூடாது என்பதால், ஒவ்வொரு மேட்டுநில மோட்டார்ப் பெட்டிக்கும் ஒரு பூட்டுப் போட்டார். சாவி அவரிடம் இருக்கும். அவர் ஏழு நாளைக்கு ஒரு முறை வருவார். கணக்கு சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காக அந்த ஏழையும் மாசி மாதத்து முதல் நாளிலிருந்தே முன்தேதியிட்டு எண்ணிக்கொண்டார்.

கலைமணி மறுபடி காலண்டரை எடுத்தாள். இளவழகன் வருகிற தாள்களில் கண்மை வைத்தாள். மஞ்சள், குங்குமம், மை மூன்றும் சேருகிற தாளைத் தேடிப் புரட்டினாள். ஆடி போனது, ஐப்பசி போனது. டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதித் தாளும் போய், காலண்டர் அட்டை வந்துவிட்டது. அட்டையில் மளிகைக் கடை விளம்பரம் இருந்தது. விளம்பரத்தின் ஓரத்தில் பென்சிலால் எட்டை ஒன்பதால் பெருக்கி, அதை ஏழால் பெருக்கினாள். ஐந்நூற்று நான்கு.

அவள் சென்னிமலையிடம் அதை உடனே சொல்லவில்லை. அவன் தோளில் குடம் தூக்கிக் காய்ப்புக் காய்த்திருந்தது. அன்று ராத்திரி சோறாவது தின்னட்டும் என்று விட்டுவிட்டாள்.

விதிவிலக்கு கேட்டு மனுக் கொடுத்தார்கள். விதிவிலக்குத் தர வேண்டுமானால் பயிர் வாடுவதை அலுவலர் நேரில் பார்க்க வேண்டும். நாற்பத்தொன்பதாம் நாள் இளவழகன் வந்தார். வரப்பில் நின்றார். சென்னிமலை கும்பிட்டு, செருப்பைக் கழற்றிப்போட்டு உள்ளே வாங்க சாமி என்றான். இளவழகன் குனிந்து தன் ஷூவைப் பார்த்தார். கள ஆய்வின்போது அலுவலர் காலணி அணிந்திருக்க வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. செருப்போடு கொடிக்காலுக்குள் போகக் கூடாது என்பது இவர்கள் வழக்கம். இரண்டையும் மதிக்கிறவர் ஆதலால் அவர் உள்ளே போகவே இல்லை. வரப்பில் நின்றபடி எட்டிப் பார்த்தார்.

வரப்பிலிருந்து பார்த்தால் அகத்தி தெரியும். கொடி ஏறுவதற்காக வரிசையாக நட்டு வைத்திருக்கும் மரம் அது. அகத்தி எந்த வெயிலுக்கும் அசராது, பச்சைப் பசேலென்று ஆடிக்கொண்டிருந்தது. அதன் காலடியில் கொடி மஞ்சளாகத் தொங்கிக்கொண்டிருந்தது வெளியே தெரியாது. 'பயிர் செழிப்பாக உள்ளது. விதிவிலக்கு தேவையில்லை' என்று இளவழகன் எழுதினார். அது அகத்திங்க என்று சென்னிமலை சொன்னான். அகத்தியும் பயிர்தானே என்று அவர் கேட்டார்.  

ஐம்பத்தாறாம் நாள் தண்ணீரும் இளவழகனும் வந்தார்கள். மின்சாரம் வரவில்லை. அறுபத்து மூன்றாம் நாள் மின்சாரமும் இளவழகனும் வந்தார்கள். தண்ணீர் வரவில்லை. அன்றைக்கு அவர் வெறுங்கையோடு போக மனமில்லாமல், மேட்டுநில விவசாயிகளைக் கூட்டி ஒரு விழிப்புணர்வு முகாம் நடத்தினார். பின்னால் பெரிய பிளெக்ஸ். அதில் எட்டு, ஒன்பது, ஏழு என்று மூன்று எண்கள் கைகோத்து நின்றன. விவசாயிகள் மொத்தம் ஆறு பேர், மைக் ஒன்று.

"சிலர் ஐந்நூற்று நான்கு நாள் அதிகம் என்கிறார்கள். அறியாமை. எட்டுக்கும் ஒன்பதுக்கும் ஏழுக்கும் பொதுவான மடங்குகள் எத்தனையோ இருக்கின்றன. ஆயிரத்து எட்டு இருக்கிறது. ஆயிரத்து ஐந்நூற்றுப் பன்னிரண்டு இருக்கிறது. முடிவே கிடையாது. நாங்கள் நினைத்திருந்தால் அதில் எதை வேண்டுமானாலும் கொடுத்திருக்கலாம். ஆனால் உங்கள் மேல் இருக்கும் அக்கறையால், இருப்பதிலேயே சிறியதைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்திருக்கிறோம். மீச்சிறு பொது மடங்கு. இதைவிடச் சிறியதை உலகத்தில் எந்த அரசாங்கமும் கொடுக்க முடியாது."

ஆறு பேரும் கைதட்டினார்கள். கைதட்டினால்தான் பொட்டலம் கொடுப்பார்கள் என்று நினைத்துவிட்டார்கள். பொட்டலம் இல்லை.

கலைமணி எழுந்து, அந்த எண்களுக்குப் பொதுவாக ஒரு காரணி இருந்தால் மடங்கு சிறுக்குமே, உங்கள் ஏழு நாளை எட்டாக்கினால்கூட எழுபத்திரண்டுக்கே வந்துவிடுமே என்று கேட்டாள். இளவழகன் புன்னகை செய்தார். பொதுவாக ஏதாவது இருந்துவிட்டால் மூன்று அலுவலகம் எதற்கு, ஒன்றே போதும் என்று மேலே சொல்லிவிடுவார்கள் அம்மா என்றார். அவர் அன்றைக்குப் பேசியதில் உண்மை அது ஒன்றுதான். அதை மைக்கை அணைத்துவிட்டுத்தான் சொன்னார்.

எழுபத்திரண்டாம் நாள் வந்தது.

விடியும்போதே வாய்க்காலில் தண்ணீர் சலசலத்தது. ஒன்பது மணிக்கு மோட்டார் அறையில் மூன்று விளக்கும் எரிந்தன. தண்ணீர் இருக்கிறது, மின்சாரம் இருக்கிறது, மோட்டார் இருக்கிறது. பெட்டியில் பூட்டு இருக்கிறது. இளவழகன் எழுபதாம் நாள் வந்து போய்விட்டார். சென்னிமலை அவருக்குப் போன் செய்தான். முந்தாநாள் வந்திருந்தேனே, அப்போதே சொல்லியிருக்கக் கூடாதா என்று அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார்.

கலைமணி வீட்டுக்குப் போய்க் கடப்பாரையை எடுத்து வந்தாள். அதை அவன் கையில் கொடுத்தாள்.

"உடைச்சுப்போடுங்க" என்றாள்.

சென்னிமலை கடப்பாரையைப் பிடித்துக்கொண்டு நின்றான். பூட்டின் மேல் ஒரு தகடு அறைந்திருந்தது. பூட்டைச் சேதப்படுத்தினால் முறை நிரந்தரமாக ரத்து. முறை ரத்தானால் அப்புறம் அந்த மேட்டுக்கு எந்தக் காலத்திலும் தண்ணீர் இல்லை. உடைத்தால் இன்றைக்குக் கொடி பிழைக்கும், உடைக்காவிட்டால் உரிமை பிழைக்கும். அவனுடைய அப்பா காலத்தில் நடையாய் நடந்து வாங்கிய முறை அது.

"ஊடு வாசல வித்துக்கூட இன்னொருக்கா இந்த மொறைய வாங்க முடியாது புள்ள" என்றான்.

கடப்பாரையைச் சுவரில் சாய்த்துவிட்டுக் குடத்தை எடுத்தான். அவளும் எடுத்தாள். இருட்டும் வரை இருவரும் வாய்க்காலுக்கும் மேட்டுக்கும் நடந்தார்கள். முக்கால் ஏக்கருக்குக் குடத்தில் ஊற்றுவது என்பது யானைப் பசிக்குச் சோளப் பொரி. விளக்குகள் மூன்றும் அதுவரை எரிந்துகொண்டே இருந்தன. உடைத்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். எனக்கென்ன, இழப்பதற்கு எனக்கு அங்கே ஒன்றும் இல்லை. கலைமணி அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை. பேசியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

கொடி அக்னி நட்சத்திரத்தில் கருகத் தொடங்கியது. ஒரு காலத்தில் சுமைக்கு நூற்று நான்கு கவுளி வைத்துச் சுமை சுமையாக வேலூர் சந்தைக்குப் போன தோட்டத்தில், ஆடி மாதம் கோயிலுக்குக் கொடுக்க ஒரு கவுளி தேறவில்லை. ஐப்பசியில் மழை நன்றாகப் பெய்தது. ஆனால் அதைக் குடிக்க அங்கே யாரும் இல்லை. அகத்தியை வெட்டி ஆட்டுக்காரர்களுக்குக் கொடுத்தார்கள். சென்னிமலை கீழ்ப்பக்கத்தில் இன்னொருவர் கொடிக்காலுக்கு இலை கிள்ளும் கூலியாகப் போனான். அங்கேயும் வரப்பில் செருப்பைக் கழற்றி வைத்தான். கலைமணி விடியற்காலையில் வருகிற வேனில் ஏறிக் கோழிப்பண்ணைக்கு முட்டை பொறுக்கப் போனாள்.

இதற்கிடையில் இளவழகன் சும்மா இருக்கவில்லை. செருப்பு விஷயம் அவர் மனதை உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. மேலிடத்துக்கு எழுதி, பதினாறு கடிதங்களுக்குப் பிறகு ஒரு சுற்றறிக்கை வாங்கினார். விவசாயிகளின் பண்பாட்டை மதித்து, கொடிக்காலுக்குள் நுழையும் அனைத்து அலுவலர்களும் காலணியைக் கழற்ற வேண்டும். மூன்று அலுவலகங்களும் ஒத்த கருத்தோடு கையெழுத்துப் போட்ட ஒரே காகிதம் அதுதான்.

அடுத்த ஆண்டு, ஆனி மாதம் இருபத்தைந்து. ஐந்நூற்று நான்காம் நாள். சென்னிமலையின் நிலத்தில் நடக்கும் விழாவுக்கு வரச் சொல்லி அவனுக்கே அழைப்பிதழ் வந்தது. கலைமணி பண்ணைக்கு லீவு சொன்னாள். சாமியானா போட்டிருந்தார்கள். வாய்க்காலில் தண்ணீர் வந்தது, மூன்று விளக்கும் எரிந்தன, இளவழகன் சாவியோடு வந்தார். தோமினிக்கையும் தனசேகரையும் ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்து வைத்தார். அந்த இருமல் நீங்கள்தானா என்று தனசேகர் நெகிழ்ந்து போய்க் கையைப் பிடித்துக்கொண்டார்.

பேச்செல்லாம் முடிந்தது. மோட்டார்ப் பெட்டியைத் திறந்தார்கள். மோட்டார் உறுமி, ஒன்றரை வருடத்துத் துருவைத் துப்பி, தண்ணீரை மேலே தள்ளியது. தண்ணீர் பாய்வதை உள்ளே போய்ப் பார்க்க வேண்டும் என்று மூன்று அலுவலர்களும் வரப்புக்கு வந்தார்கள். சுற்றறிக்கை ஞாபகம் வந்தது. மூவரும் ஒரே நேரத்தில் குனிந்து ஷூ லேஸை அவிழ்க்க ஆரம்பித்தார்கள். போட்டோக்காரர் முன்னால் ஓடி வந்தார்.

சென்னிமலை கையெடுத்துக் கும்பிட்டான்.

"கழட்ட வேண்டாமுங்க சார். போட்டுக்கிட்டே போங்க. இப்ப இது கொடிக்கால் இல்லீங்க."

மூவரும் நிமிர்ந்தார்கள். தரை சுட்டுக்கொண்டிருந்ததால் அவர்களுக்கு நிம்மதியாக இருந்தது. லேஸை மறுபடி கட்டிக்கொண்டார்கள். விவசாயி முழு ஒத்துழைப்பு நல்கினார் என்று இளவழகன் அங்கேயே குறித்துக்கொண்டு, அடுத்த சந்திப்பு ஆயிரத்து எட்டாம் நாள் என்று அச்சடித்த அட்டை ஒன்றைச் சென்னிமலையின் கையில் கொடுத்தார். பிறகு எல்லோரும் உள்ளே போனார்கள். தண்ணீர் வெற்று வாய்க்காலில் ஓடி, கொடியும் வேரும் இல்லாத பாத்திகளில் பரவிக்கொண்டிருந்தது. சென்னிமலை அட்டையைப் பிடித்தபடி அவர்கள் பின்னால் போனான்.

கலைமணி கடைசியாக வந்தாள். வரப்பில் ஏறியவள் அப்படியே நின்றுவிட்டாள். அங்கே ஒரு ஜோடிச் செருப்பு, எப்போதும் வைக்கிற அதே இடத்தில், கொடிக்கால் வாசலைப் பார்த்தபடி கிடந்தது. அது சென்னிமலையின் செருப்பு.